இருநூற்று எழுபது மீட்டர்

உலான்பாத்தரில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
திருகாணியை வெறும் விரலால் தொட்டால்
தோலை வைத்துக்கொண்டுதான் விரலைத் தரும்.
விளம்பரத் திரையின் முதுகுப்பக்கம்
ஆறாவது மாடி உயரத்தில்
கம்பி ஏணியில் நான்.
கீழே வாக்கிடாக்கியோடு ஜம்யான்,
அவனருகே அந்தப் பெண், அனுகா.

வழக்கமாக இந்தச் சுவரில்
வோட்கா வரும், வங்கிக் கடன் வரும்.
இன்றிரவு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
அவள் தம்பி வருவான்.
எர்ஹெம். பதினேழு வயது.
ஒன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை.

பன்னிரண்டு மீட்டர் அகலம், ஏழு மீட்டர் உயரம்.
ஊரே அண்ணாந்து பார்க்கும் திரை.
எண்ணிப் பார்த்தால்
எட்டு லட்சத்து நாற்பதாயிரம் புள்ளி, அவ்வளவுதான்.
என் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியில்
இருபத்தாறு லட்சம்.
சொன்னால் சிரிக்கிறார்கள்.
அங்கே அங்குலத்துக்கு நானூறு,
விடிகாலைப் பேருந்துபோல நெருக்கியடித்து.
இங்கே அங்குலத்துக்கு இரண்டரை,
அடுத்த கூடாரத்து நாய் குரைப்பது கேட்காத
மேய்ச்சல் நிலத்துக் குடும்பங்கள் மாதிரி.

அவள் கொண்டுவந்த படம்
யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது.
நாற்பது பேர். பின்வரிசையில் மூன்றாவது தலை.
அதை மட்டும் வெட்டியெடுத்தால்
குறுக்கே அறுபது புள்ளி, நெடுக்கே எண்பது.
ஒவ்வொன்றையும் எட்டுக்கு எட்டாக ஊதினேன்.
இனி அறுபத்துநான்கு விளக்குகள் கூடி
ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லும்.
பெருக்கலாம்.
ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது.

மென்பொருள் கேட்டது: செம்மையாக்கவா?
சரி என்றேன்.
மயிர் மயிராய்ப் புருவம் வந்தது,
இமை வந்தது, உதட்டில் ஈரம்கூட வந்தது.
அனுகா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது யார்?
எங்கள் வீட்டில் இவ்வளவு அழகாக யாரும் இல்லை.
குதிரை உதைத்த தழும்பு எங்கே?"
இடப்புருவத்தில் மூன்று மங்கல் சதுரம்.
அழுக்கென்று துடைத்துவிட்டிருந்தது.
பழையபடியே போட்டேன்,
கட்டம் கட்டமாக.

ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
சரியாக அந்தப் புருவத்தில்
ஒரு பலகை செத்துக்கிடக்கிறது.
அதற்குத்தான் இந்த ஏணி.
கழற்றிய ஓட்டைவழியே எட்டிப்பார்த்தால்
சிவப்பு, பச்சை, நீலம்,
நடுநடுவே ஏகப்பட்ட கறுப்பு.
தோல் நிறம் என்று ஒரு விளக்கும் இல்லை.

புதுப் பலகையைச் செருகினேன்.
அதற்குள் அவள் திரையை நோக்கி
நடந்திருக்கிறாள்.
கால் அப்படித்தான் போகும்.
"உடைகிறான், உடைந்துபோகிறான்" என்றது வாக்கிடாக்கி.
அதை அவளிடமே கொடு என்றேன் ஜம்யானிடம்.
பின்னால் போ என்றேன் அவளிடம்.
இன்னும் பின்னால்.

மருந்துக்கடை.
"இப்போது?"
"சதுரங்கள்."
கார் நிறுத்துமிடம் தாண்டி.
"இப்போது?"
"யாரோ ஒரு பையன்."
செல்பே ஆற்றுப் பாலம்,
கீழே கல்லாய்க் கிடக்கும் தண்ணீர்,
மேலே ஊரின் அத்தனை அடுப்புக் கரியும்.
"இப்போது?"
மூச்சு மட்டும் கேட்டது.
"இப்போது?"
"எர்ஹெம்தான்.
தழும்பு இருக்கிறது.
ஆனால் ரொம்பச் சின்னதாக இருக்கிறான்.
நகமளவு."

அந்தப் பாலம் இருநூற்று எழுபது மீட்டர்.
கல்யாணப் படத்திலும் அவன்
நகமளவுதான் இருந்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

சோதனை முடிந்து வோட்கா வந்தது.
கையுறைக்குள் ஊதிக்கொண்டு காத்திருந்தேன்.
மறுபடி அவன் வந்தபோது
இறங்கலாமா என்று கேட்டேன்.
பதில் வரவில்லை. பிறகு,
"இரு, இங்கே ஒரு பேருந்து நிற்கிறது.
உள்ளே யாரோ காசால்
ஜன்னல் பனியைச் சுரண்டுகிறார்கள்."